சிறுநீர்ப்பைச் சத்திரசிகிச்சையும் பின்னாட் பேணுகையும்: ஒரு வரலாற்று நோக்கு

சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கத்தியின் வரலாற்றையே எழுதினர். எவர், எந்நகரில், எவ்வாண்டில், எவ்வுறுப்பை முதன்முதல் அறுத்தெடுத்தார் என்பன நூல்களில் நிரல்பட உள. அறுக்கப்பட்டவர் எத்தனை நாள் படுக்கையிற் கிடந்தார், எப்போது வீடு சென்றார், சென்றவர் மீண்டும் வைத்தியசாலை வாயிலுக்கு ஏன் வந்தார் என்பனவோ ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றன. பல இடங்களில் அவ்வரிகளும் இல்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இஃதொரு பெருங்குறையாகும். அந்நோய்க்குச் செய்யப்படும் பெரிய சத்திரசிகிச்சையிற் கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இடர் அதன் பின்னரே தொடங்கும். 1887 ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அச்சிகிச்சை அடைந்த மாற்றங்களை ஊன்றி நோக்கினால், அவற்றுட் பெரும்பாலானவை அறுத்தல் பற்றியன அல்ல, அறுத்தபின் வரும் நாள்களைப் பற்றியன என்பது விளங்கும்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்ததற்கு நூலார்வம் மட்டும் காரணமன்று. மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற என் தாய்மாமன், சில ஆண்டுகளுக்கு முன் சிறுநீருடன் குருதி போதலைக் கண்டார். நோவில்லாமையாற் பல மாதம் அதனை எவரிடமும் சொல்லவில்லை. ஈற்றில் தூரத்து நகரமொன்றின் வைத்தியசாலையில் அவருடைய சிறுநீர்ப்பை முழுதும் அகற்றப்பட்டது. பதினைந்தாம் நாள், நம்மவர் சொல்லுமாறு 'டிக்கட் வெட்டி' அனுப்பினர். லயத்துக்கு வந்து பத்து நாள் கழிந்தபின் ஒரு மாலையிற் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. "சுகப்படுத்தி அனுப்பினவங்ககிட்ட திரும்பப் போனா ஏசமாட்டாங்களா தம்பி?" என்று மாமி கேட்டார். மாமா ஒன்றும் பேசாமற் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் இவ்வாறு கழிந்தன. படித்தவன் எனப் பெயர்பெற்ற யானும் அம்மூன்று நாளும் அவர்களை மறுத்துரைக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

சிறுநீர்ப்பையிற் கத்தி வைத்தல் நம் நாடுகளிற் புதிதன்று. சுசுருத சங்கிதை கல்லடைப்புக்குச் செய்யும் அறுவையை விரிவாகக் கூறுகின்றது. அதன் ஆசிரியர் கண்டது கல்லே, புற்று அன்று. ஆயினும் அப்பகுதி நமக்கு ஒரு காரணத்தால் முக்கியமாகின்றது. கைதேர்ந்தவன் செய்யினும் இவ்வறுவையின் பயன் ஐயத்துக்குரியது, செய்யாவிடினோ சாவு உறுதி, ஆதலின் அரசனுக்கு அறிவித்து அவன் இசைவு பெற்றபின்னரே தொடங்குக என்று அந்நூல் விதிக்கின்றது. அறுத்தபின் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இருத்துதல், கஞ்சியுணவு, புண்வழியே வடியும் சிறுநீர் ஏழு நாளுக்குள் இயல்பான வழிக்குத் திரும்பாவிடிற் செய்யத்தக்கது என யாவும் அங்கே உள. புண் ஆறியபின்னும் ஓராண்டு காலம் குதிரை, யானை, தேர் ஆகியவற்றில் ஏறலாகாது, மரம் ஏறலாகாது, நீந்தலாகாது, மலை ஏறலாகாது என்று தடை விதிக்கப்பட்டுள்ளது. ஓராண்டு மலை ஏறாதிருக்க வேண்டுமெனின் எங்கள் தோட்டத்து மனிதன் எங்கே போய் வாழ்வது என்று யான் இதைப் படித்தபோது எண்ணிக்கொண்டேன். லயத்திலிருந்து பாதைக்கு வருவதற்கே எண்பது படி ஏற வேண்டும். எனினும் அறுவையோடு பொறுப்பு முடிவதில்லை, ஓராண்டு தொடர்கின்றது என்னும் கருத்தை அவ்வளவு பழைய நூலிற் காண்பது வியப்பே. இவ்வோராண்டுக் கணக்கைப் பின்னர் அமெரிக்க நகரமொன்றில் மீண்டும் சந்திப்போம்.

தமிழில் நவீன சத்திரசிகிச்சை நூல் தோன்றிய கதை யாழ்ப்பாணத்துக்கு உரியது. 1847 இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 'இரண வைத்தியம்' 1867 இல் தமிழில் வெளிவந்தது. நோயாளியின் வீட்டார் விளங்கிக்கொள்ளும் மொழியில் வைத்தியம் பேசப்படவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. நூற்றைம்பது ஆண்டு கடந்தபின் என் மாமனுக்குக் கொடுக்கப்பட்ட நோய்க்குறிப்பு அட்டை முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

ஐரோப்பாவிற் சிறுநீர்ப்பைக் கட்டியை வைத்தியர் கண்ணாற் காணத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. மக்ஸ் நிற்சே என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1877 இல் ஒளியுடன் கூடிய உள்நோக்குக் கருவியைச் செய்து காட்டினார். அதற்கு முன்னரே, 1874 இல், வியன்னாவிற் பில்ரோத் அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பைக் கட்டியொன்றை அகற்றியிருந்தார். கட்டியை மட்டும் அகற்றினால் அது மீண்டும் முளைத்தலை வைத்தியர் விரைவிற் கண்டுகொண்டனர். ஆகவே பையையே முழுதும் எடுத்துவிடும் எண்ணம் எழுந்தது.

1887 இற் கொலோன் நகரத்துப் பார்டன்ஹாயர் அதனைச் செய்தார். உலகில் முதன்முதற் சிறுநீர்ப்பை முழுவதும் அகற்றப்பட்டது அன்றே. நூல்கள் இவ்வாக்கியத்துடன் அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகின்றன. நாம் சற்றுத் தங்குவோம். சிறுநீர்ப்பை ஒரு குளம் போன்றது. இரு சிறுநீரகங்களும் இரு ஊற்றுகள். அவற்றிலிருந்து சிறுநீர்க்கான்கள் என்னும் மெல்லிய குழாய்கள் இரண்டு வந்து குளத்திற் கலக்கின்றன. குளத்தைத் தூர்த்துவிட்டால் ஊற்று நின்றுவிடுமா? பார்டன்ஹாயரின் நோயாளிக்கு அக்கான்களை வேறோரிடத்திற் பொருத்த இயலவில்லை. கழிவு குருதியில் ஏற, பதினான்காம் நாள் அவர் இறந்தார். அறுவை நிறைவேறியது, நோயாளி பிழைக்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் கூரிய கத்தியன்று. நீர் போதற்கு ஒரு வழி.

ஈராண்டின் பின், 1889 இல், பிராக் நகரத்துப் பவ்லிக் ஒரு பெண்ணுக்கு இவ்வறுவையைச் செய்தார். முதலிற் சிறுநீர்க்கான்களை யோனிவழியிற் பொருத்தி நீருக்கு வழிசெய்துவிட்டு, அதன் பின்னரே பையை அகற்றினார். அப்பெண் பதினாறு ஆண்டு உயிர்வாழ்ந்தார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு திறமையில் அன்று, வரிசையிலேயே என்பது என் கருத்து. பின்வருவதை முன்னரே எண்ணியவர் வென்றார்.

நீரைக் குடலுக்குத் திருப்பும் எண்ணம் இதற்கும் முற்பட்டது. இலண்டனில் ஜோன் சைமன் 1851 இல், பிறவியிலேயே சிறுநீர்ப்பை மூடாதிருந்த சிறுவனொருவனுக்குச் சிறுநீர்க்கான்களை மலக்குடலுடன் இணைத்தார். சிறுவன் ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்து இறந்தான். (இலண்டன் மாநகரின் சுகாதாரத்தைச் சீர்செய்தவராக வரலாற்றிற் புகழப்படுபவரும் இதே சைமன்தான், கழிவுநீருக்கு வழிகாண்பது அவருக்கு இரு துறையிலும் வாய்த்த பணி போலும்.) 1911 இல் அமெரிக்கரான கொஃபி, குடற்சுவருள் ஒரு சுரங்கம் அமைத்துக் கானைச் சாய்வாக நுழைத்தால் மலம் மேலேறாது என்று காட்டினார். பல பத்தாண்டு இம்முறையே நிலவியது. நோயாளர் வீடு சென்றனர், மகிழ்ந்தனர், பின்னர்த் திரும்பி வந்தனர். மலக்குடலின் கிருமிகள் சிறுநீரகத்துக்கு ஏறிக் காய்ச்சலை உண்டாக்கின. குடல் தன்னிடம் தேங்கிய சிறுநீரின் உப்புகளை மீண்டும் உறிஞ்சியமையாற் குருதி அமிலத்தன்மை அடைந்தது. சோர்வு, வாந்தி, எலும்பு நலிவு என அது வெளிப்பட்டது. இக்கோளாறுக்கு 1950 அளவிலேதான் தெளிவான விளக்கம் கிடைத்தது. சிலருக்குப் பல ஆண்டுகளின் பின் அவ்விணைப்பு இடத்திலேயே புதிய புற்று தோன்றியது. இவை யாவும் எவ்வாறு அறியப்பட்டன? திரும்பி வந்த நோயாளராலேயே அறியப்பட்டன. வராதவரின் துன்பம் எந்நூலிலும் ஏறவில்லை.

அதே 1950 இல், செயின்ட் லூயிஸ் நகரத்து யூஜின் பிரிக்கர் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. சிறுகுடலிற் சாண் அளவு துண்டொன்றைக் குருதியோட்டத்துடன் பிரித்தெடுத்து, மீதிக் குடலை மீண்டும் இணைத்துவிடுவர். அத்துண்டின் ஒரு முனையை மூடி, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கத் தோலில் வாயாகத் திறந்துவிடுவர். சிறுநீர்க்கான்கள் அதனுடன் பொருத்தப்படும். இதனை மலையகத்தார்க்கு விளக்க நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை. பீலி என்றால் போதும். ஊற்றுநீரைத் தேக்கிவையாது வெளியே வடியவிடும் பீலியே அக்குடற்றுண்டு. தேங்காமையால் உப்பு உறிஞ்சப்படுவதும் குறைந்தது. ஆயினும் பீலி வடியுமிடத்துக்கு ஒரு வாளி வேண்டுமன்றோ? தோலில் ஒட்டிக்கொள்ளும் பை 1940 களிற் செம்மைப்படாதிருந்தால் பிரிக்கரின் முறை இத்துணை பரவியிராது. பெரிய வைத்தியனின் புகழுக்குப் பின்னால் ஓர் ஒட்டுப்பசையும் நின்றது.

அதன்பின் குடலைப் பிளந்து மடித்துத் தைத்து உள்ளேயே புதுப்பை அமைக்கும் முறைகள் எழுந்தன. பிரான்சிற் கமே தொடங்கியதையும், 1980 களில் ஜெர்மனியின் ஊல்ம் நகரத்து ஹவுட்மன் வளர்த்ததையும் குறிப்பிட்டு அமைவோம். புதுப்பை பெற்றவர் இயல்பான வழியிலேயே நீர் கழிக்கலாம். ஆனால் உணர்ச்சி வாராமையாற் கடிகாரத்தைப் பார்த்துக் கழிக்கவேண்டும், இரவிலும் எழவேண்டும். குடல் தன் இயல்பின்படி சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். உறுப்பு இடம் மாறினும் குணம் மாறுவதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுள்ள யாவர்க்கும் பை அகற்றப்படுவதில்லை. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர்க்கு நோய் மேற்படையளவிற் கண்டறியப்படுகின்றது. அவர்க்கு உள்நோக்குக் கருவி வழியாகவே கட்டி சுரண்டி எடுக்கப்படும். நியூயோர்க்கில் எட்வின் பியர் 1910 இல் மின்னோட்டத்தாற் கட்டியைக் கருக்கிக் காட்டியது அவ்வழியைத் திறந்தது. 1976 இல் கனடாவில் மொராலெஸ் என்பவர், காசநோய்க்கு எதிராக நம் பிள்ளைகளின் புயத்தில் ஏற்றும் அதே பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுக் கட்டி மீள முளைப்பதைத் தடுக்கலாம் எனக் கண்டார். ஒன்பது நோயாளரைக் கொண்டு தொடங்கிய அச்சிகிச்சை இன்று எங்கும் உண்டு. இத்தகையோர் ஆண்டுக்கணக்காகக் குறித்த காலத்தில் வந்து உள்நோக்கிப் பார்க்கப்படுதல் வேண்டும். அவர்க்குத் திரும்பி வருதலே சிகிச்சை. நோயின் காரணம் பற்றியும் ஒரு சொல்: 1895 இற் பிராங்போர்ட் நகரத்து லுட்விக் ரேன் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர் மூவரிடம் இந்நோயைக் கண்டு, தொழிலே காரணமென ஐயுற்றார், பின்னர் அது மெய்யாயிற்று. இன்றோ பெருங்காரணம் புகையிலைப் புகை. ஏறக்குறையப் பாதி நோய் அதனால் விளைவது. என் மாமன் நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி குடித்தவர்.

பொதுவாழ்விற் புகழ்பெற்ற ஒருவருடைய நோயின் வரலாறு வைத்திய நூல்களில் முழுமையாகப் பதிவாவது அரிது. அமெரிக்காவின் உபசனாதிபதியாய் 1965 முதல் 1969 வரை இருந்த ஹியூபர்ட் ஹம்பிரியின் வரலாறு அத்தகையது. 1967 அளவில் அவர் சிறுநீரிற் குருதி கண்டது. நோயின் தன்மை பற்றி வைத்தியர் கருத்து உறுதிப்படவில்லை. அடுத்த ஆண்டு அவர் சனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். 1973 இற் கதிர்ச்சிகிச்சை பெற்றார். 1976 ஒக்டோபரில் நியூயோர்க் மெமோரியல் வைத்தியசாலையில் விட்மோர் என்னும் புகழ்பெற்ற வைத்தியர் அவருடைய சிறுநீர்ப்பையை அகற்றினார். வீடு திரும்பினார், செனட் சபைக்கும் திரும்பினார். 1977 ஓகஸ்டிற் குடல் அடைபட்டமையால் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோது, இடுப்பெலும்புக் கூட்டினுள் அகற்றவியலாத புற்று பரவியிருத்தல் தெரிந்தது. 1978 சனவரியில் இறந்தார். 1994 இல் ஆராய்ச்சியாளர் சிலர், 1967 இல் எடுத்துப் பாதுகாக்கப்பட்டிருந்த மாதிரியை மரபணு முறையாற் சோதித்து, நோயின் அடையாளம் அன்றே அதில் இருந்தமையைக் கண்டனர். உலகின் வல்லரசு ஒன்றின் இரண்டாம் தலைவருக்கும் ஒன்பது ஆண்டு தாமதம் நேர்ந்தது.

அதே மெமோரியல் வைத்தியசாலையைத் தமிழர் மறந்திலர். 1968 செப்டெம்பரிற் சென்னை முதலமைச்சர் அண்ணாதுரை உணவுக்குழாய்ப் புற்றுக்கு அறுவைபெற்றது அங்கேதான். நவம்பரில் மீண்டார், கோடிக்கணக்கானோர் நோய் நீங்கிற்றென்றே நம்பினர். 1969 தொடக்கத்தில் அடையாறு புற்றுநோய் நிலையத்திற் சேர்க்கப்பட்டு, பெப்ரவரி 3 ஆம் நாள் காலமானார். எங்கள் தோட்டத்து முதியோர் இன்றும் அச்செய்தியை வானொலியிற் கேட்ட கதையைச் சொல்வர். அவர்கள் நெஞ்சில் அச்செய்தி ஒரு பாடமாகவே பதிந்துவிட்டது: பெரிய வைத்தியசாலைக்கு இரண்டாம் முறை போனவர் திரும்புவதில்லை. ஒருவர்க்கு நிகழ்ந்ததை யாவர்க்கும் விதியாக்குதல் தவறு. ஆயினும் மாமி கேட்ட கேள்விக்குப் பின்னால் இவ்வச்சமும் நின்றதென்றே எண்ணுகின்றேன்.

அவ்வச்சத்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. கோப்பிக் காலத்திற் தொழிலாளர் பெருவாரியாக மடிந்தமை கண்டு, பிரித்தானிய அரசு 1872 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டத்தைப் பிறப்பித்தது. பெருந்தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன, வைத்தியசாலைகள் எழுந்தன, செலவிற் பங்கு தோட்டங்களிடம் பெறப்பட்டது. ஏட்டளவில் நல்ல சட்டமே. நடைமுறையிலோ, வேலைக்கு உதவாதவனாய்ச் சாகுந் தறுவாயில் இருந்தவனையே தோட்டம் வைத்தியசாலைக்கு அனுப்பியது. சென்றவன் இறந்தான். ஆகவே வைத்தியசாலை சாவின் வீடு என்னும் எண்ணம் லயங்களில் ஊன்றிற்று. பிழைக்கக்கூடியவனும் ஒளிந்துகொண்டான், ஒளிந்தமையாற் பிந்திச் சென்றான், பிந்தியமையால் இறந்தான். நான்கு தலைமுறையின் பின்னும் காய்ச்சலுடன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் முதியவரிடம் அவ்வரலாறு எஞ்சியிருக்கின்றது.

இனி, திரும்பி வருவோரைக் கணக்கெடுக்கத் தொடங்கியவர் கதைக்கு வருவோம். பொஸ்டன் நகரத்தில் ஏனெஸ்ட் கொட்மன் என்னும் சத்திரவைத்தியர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, ஓராண்டின் பின் அவரை மீண்டும் கண்டு முடிவைப் பதிதல் வேண்டும் என வாதித்தார். சுசுருதர் சொன்ன அதே ஓராண்டு! அவருடைய சிறு வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை இருந்து சென்ற 337 நோயாளரின் முடிவுகளை அச்சிட்டு, அவற்றுள் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே அறிவித்தார். உடனிருந்த வைத்தியர்க்கு இது பிடிக்கவில்லை. 1914 இல் தாம் பணிசெய்த பெரிய வைத்தியசாலையைவிட்டு விலகினார். அவர் கேட்டது எளிய வினா: வீட்டுக்குப் போனவர் என்னானார்?

அவ்வினாவுக்குச் சிறுநீர்ப்பை அறுவையில் நேர்மையான விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு சென்றது. 2009 இல், மேற்சொன்ன நியூயோர்க் மெமோரியல் வைத்தியசாலையினர், பை அகற்றப்பட்ட 1142 பேரை 90 நாள் வரை தொடர்ந்து நோக்கிய முடிவை வெளியிட்டனர். 64 சதவீதத்தினர்க்குச் சிறிதோ பெரிதோ ஓர் இடர் நேர்ந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மீள அனுமதிக்கப்பட்டார். உலகின் தலைசிறந்த கைகள் செய்த அறுவையின் கணக்கு இது. அமெரிக்காவின் பிற நிலையங்களிலிருந்து வந்த கணக்கும் இதற்கு அணித்தானதே. இதை யான் படித்தபோது முதலில் அச்சமும் பின்னர் ஓர் ஆறுதலும் எய்தினேன். என் மாமனுக்கு நேர்ந்தது அவர் செய்த குற்றமுமன்று, வைத்தியர் செய்த குற்றமென்று துணியவும் இயலாது. நான்கு பேரில் ஒருவர்க்கு வருவது அவருக்கும் வந்தது.

ஏன் திரும்பி வருகின்றனர் என்பதற்கு மேலே கண்ட வரலாறே விடை தருகின்றது. சிறுநீர்க்கானும் குடலும் இணைந்த வழியே கிருமி ஏறுவதாற் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வரும். குருதியிற் பரவினால் உயிருக்கு ஆபத்து. வெட்டி இணைத்த குடல் சில நாள் இயங்காது நின்றால் வயிறு ஊதும், வாந்தி வரும். உண்ணவும் பருகவும் முடியாமல் நீர்ச்சத்துக் குறைந்தாற் சிறுநீரகம் தளரும். பையில் வடியும் நீர் குறைவதே அதன் அடையாளம். நெடுநேரம் படுத்திருந்தமையாற் காலிற் குருதி உறைந்து, ஒரு கால் மட்டும் வீங்கும். அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்றால் மூச்சு முட்டும். இவை நான்கும் வீட்டில் எவர் கண்ணுக்கும் புலப்படக் கூடியவை. இவற்றுட் பல, முதல் நாளிலேயே சென்றாற் சில நாட் சிகிச்சையால் தீர்பவை. மூன்றாம் நாள் சென்றால் நிலைமை வேறு.

அமெரிக்க அரசு 2012 முதல் சில நோய்களுக்கு, மீள அனுமதி மிகும் வைத்தியசாலைகளின் கொடுப்பனவைக் குறைக்கத் தொடங்கியது. சிறுநீர்ப்பை அறுவை அப்பட்டியலில் இல்லையெனினும், மீள அனுமதி என்பது குறை என்ற எண்ணம் எங்கும் பரவிற்று. அந்நாட்டுக்கு அது பொருந்தலாம். நம் மலைநாட்டுக்கு அக்கணக்கை அப்படியே கொணர்தல் தவறென்பது என் துணிபு. திரும்பி வர வழியுள்ள இடத்தில் மட்டுமே வந்தவர் தொகை எதையாவது உணர்த்தும். வண்டி கிடையாதவனும், வெட்கப்பட்டவனும், எங்கே செல்வதென்று அறியாதவனும் வராமையால் ஒரு வைத்தியசாலையின் கணக்கு அழகாகத் தோன்றலாம். அவ்வழகு சுடுகாட்டின் அமைதியைப் போன்றது.

வராமற் காக்கும் வழிகளையும் அறிஞர் தேடாமலில்லை. கோப்பன்ஹேகன் நகரத்து ஹென்றிக் கேலெட் 1990 களிற் குடலறுவை செய்தோர்க்கு வகுத்த பேணுமுறை இத்துறையிலும் புகுந்தது. 2013 இற் சிறுநீர்ப்பை அறுவைக்கென்றே நெறிகள் வெளியிடப்பட்டன. அறுவைக்கு முன் நெடும்பட்டினி வேண்டா, குடலைக் கழுவித் துன்புறுத்த வேண்டா, மறுநாளே எழுந்து நடக்கவேண்டும், விரைவில் உணவு தரவேண்டும் என்பன அவற்றுள் சில. குடலை எழுப்புதற்குச் சுவிங்கம் மெல்லக் கொடுத்தலும் ஆராயப்பட்டுப் பயனுடையதெனக் கண்டனர். வகுப்பில் அதற்காகப் பிள்ளைகளைத் தண்டித்தவன் யான்! 2022 இற் பிரித்தானியாவில் இயந்திரக்கை கொண்டு செய்யும் அறுவையையும் திறந்த அறுவையையும் ஒப்பிட்டவர்கள் ஒரு புதிய அளவுகோலை எடுத்தனர். 90 நாளில் நோயாளி உயிருடன் வைத்தியசாலைக்கு வெளியே கழித்த நாள் எத்தனை என்று எண்ணினர். இயந்திரக்கைக்கு 82, திறந்த அறுவைக்கு 80. இரண்டு நாள் வேறுபாட்டைவிட அவர்கள் எண்ணிய பொருளே என்னைக் கவர்ந்தது. கொட்மன் கேட்ட வினா அறுவையின் அளவுகோலாகவே ஆகிவிட்டது.

அந்நாள்கள் கழியும் இடம் எது என்பதை எந்த ஆராய்ச்சியும் முழுதும் சொல்லிவிடாது. மாமாவின் நாள்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிற் கழிந்தன. மலசலகூடம் லயத்தின் கோடியில். மழையில் வழுக்கும் வழி. பை மாற்றும்போது கைகழுவச் சுடுநீர் வேண்டும், அதற்கு விறகு வேண்டும். பைகளை விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்ததால் இருநாளுக்கு ஒன்றென வேண்டியதை ஒருவாரம் வைத்திருந்தார், தோல் புண்பட்டது. அட்டையில், காய்ச்சல் கண்டால் உடனே வருக என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அதை அவர்களுக்கு வாசித்துச் சொல்லியிருக்க வேண்டியவன் யான். வந்த அன்று அதை வாங்கிப் பார்த்து, அறுவையின் பெயரைப் படித்து, மடித்து அலுமாரியில் வைத்தேன். கீழ்வரியைப் படித்தது மூன்றாம் நாள் இரவிலே.

அன்றிரவே முச்சக்கரவண்டியொன்றில் டிக்கோயாப் பாதையில் அவரைக் கொண்டுசென்றோம். பழைய மஸ்கெலியா நகரை 1969 இல் மூழ்கடித்த மவுஸாகலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வண்டி சென்றது. நீரின்மேல் நிலவு இருந்தது நினைவிலுள்ளது. எவரும் ஏசவில்லை. பணியிலிருந்த இளம் வைத்தியர், எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் என்றதும் எழுதுவதை நிறுத்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பதினொரு நாள் நரம்புவழி மருந்து ஏற்றினர். ஒரு சிறுநீரகம் பழைய வலிமையை மீளப் பெறவில்லை.

அதன்பின் இருமுறை அவர் மீள அனுமதிக்கப்பட்டார். ஒருமுறை குடல் நின்றது, ஒருமுறை மீண்டும் காய்ச்சல். அட்டையின் கீழ்வரிகளைத் தமிழில் எழுதி வாயிற்கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றேன். ஏழாம் வகுப்பிற் படிக்கும் பேர்த்தி, பையில் வடியும் நீரின் அளவை நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்கின்றாள். கடைசி முறை காய்ச்சல் கண்டது அதிகாலை நான்கு மணிக்கு. மாமி எவரையும் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராப் பையனை எழுப்பி வண்டிக்கு அனுப்பிவிட்டு, கொப்பியையும் அட்டையையும் ஒரு பையிலிட்டுக்கொண்டு, மாமாவைக் கைப்பிடித்துப் படியேறத் தொடங்கியபின்னரே எனக்குத் தொலைபேசியிற் சொன்னார்.